மூன்று சிப்பாய்கள் ஒரே வரிசையில்

போன மாதம் மதுரையில் ஒரு நடுவர் பயிற்சி வகுப்புக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவனுக்கு ஒரு சால்வை, ஒரு மைக், அரை மணி நேரம். சதுரங்கப் போட்டிகளில் கடிகாரம் எப்படி மாறியது, சட்டம் எப்படி மாறியது என்று ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். பின் வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்தது. "சார், ஒரு ஆட்டத்தப் பாத்ததுமே இது மனுசன் ஆடுனதா, மெஷின் சொல்லிக் குடுத்து ஆடுனதான்னு நீங்க சொல்லிருவீங்களாமே, எப்படி சார்?" என்று கேட்டது. கூட்டம் கை தட்டியது. நான் தண்ணீர் குடித்தேன், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லி மேடையை விட்டு இறங்கிவிட்டேன்.

பஸ்ஸுக்கு ஒன்றும் நேரமாகவில்லை. அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்லாமல் வந்தது அன்றிலிருந்து மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது. பதில் இதுதான்: சொல்ல முடியாது. முடியும் என்று நம்பி ஒரே ஒரு தடவை எழுதிக் கொடுத்தேன். ஒன்றும் அறியாத ஒரு பெண்ணின் பேரைக் கெடுக்கப் பார்த்தேன். சால்வையைப் போர்த்திக்கொண்டு அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பேர் சவரிமுத்து, ஊர் தங்கச்சிமடம். சோறு போட்டது ராமநாதபுரத்தில் ஓர் அலுவலகத்தில் பார்த்த எழுத்தர் வேலை. ஆனால் முப்பது வருடமாக எனக்குக் கிடைத்த விடுப்பு, பண்டிகை, ஞாயிறு எல்லாம் சதுரங்கப் போட்டிகளில் நடுவராக நின்றே போயின. நடுவர் தேர்வில் இரண்டு தடவை கோட்டைவிட்டு மூன்றாம் தடவை தேறினேன். "நாலு பேரு சும்மா உக்காந்திருக்கிறத வேடிக்கை பாக்க, பரீட்சை எழுதிப் பாஸான ஒரே ஆளு எங்க வீட்டுக்காரருதான்" என்று என் மனைவி தெருவில் எல்லோரிடமும் சொல்லுவாள். சொல்லட்டும், பொய்யில்லையே. பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. மேசை தூக்கினேன், நாற்காலி போட்டேன், அடுத்த சுற்றில் யாருக்கு யார் என்ற பட்டியலை ஒட்டினேன், ஒட்டியதும் வந்த சண்டைகளை விலக்கினேன்.

வேலை கற்றுக்கொண்டது கமலவேணி மேடத்திடம். எங்கள் பக்கத்துப் போட்டிகளுக்கெல்லாம் அவர்தான் தலைமை நடுவர். மதுரைக்காரர். ஆட்டம் தொடங்கியது முதல் முடிகிறவரை உட்கார மாட்டார். ரப்பர் செருப்புப் போட்டிருப்பார், நடந்தால் சத்தம் வராது. ஒரு எவர்சில்வர் டம்ளரில் வெந்நீர், அதை மட்டும் ஜன்னலோரம் வைத்திருப்பார். யாரையும் ஒருமையில் பேச மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். மற்றவர்கள் கோபத்தில் மரியாதையை விடுவார்கள், இந்த அம்மாவுக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "கொஞ்சம் வர்றீங்களா சவரிமுத்து சார்?" என்று அந்தச் 'சார்' வந்துவிட்டால் நான் எங்கேயோ தப்புச் செய்திருக்கிறேன் என்று அர்த்தம்.

ஆரம்பத்தில் ஒரு தடவை, ஒரு வக்கீலும் ஒரு பல் டாக்டரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் குதிரையைத் தொட்டுவிட்டு யானையை நகர்த்திவிட்டார் என்று வக்கீல் கையைத் தூக்கினார். தொட்ட காயைத்தான் ஆட வேண்டும் என்பது சட்டம். டாக்டரைப் பார்த்தேன், எனக்குத் திருட்டு முழியாகத் தெரிந்தது. குதிரையையே ஆடுங்கள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். மேடம் என்னை ஓரமாக அழைத்துப் போனார். அவர் தொட்டதை நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டார். "இல்ல மேடம், ஆனா..." என்று இழுத்தேன்.

"அந்த 'ஆனா'வ நாளையிலருந்து வீட்டுலயே வச்சிட்டு வாங்க சவரிமுத்து சார்" என்றார்.

டாக்டரிடம் நானே போய் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. அவர் பெருந்தன்மையாக என் கடைவாய்ப் பல்லைப் பார்த்துக் கொடுத்தார், அது வேறு கதை.

செல்போனும் கணினியும் வந்த பிறகு எங்கள் தொழிலில் புதிதாக ஒரு வேலை முளைத்தது. இன்றைக்கு ஒரு செல்போனுக்குள் இருக்கும் சதுரங்க மென்பொருள் உலகத்தில் எந்த கிராண்ட்மாஸ்டரையும் தோற்கடிக்கும். ஆடுகிறவர் எழுந்து கழிப்பறைக்குப் போனால்கூட எதிரில் இருப்பவருக்குச் சந்தேகம் வருகிறது. புகார் வந்தால் அந்த ஆட்டத்தை உட்கார்ந்து அலசி, இது மனிதர் ஆடியதுதானா என்று ஒருவர் எழுதித் தர வேண்டும். அந்த வேலையை மேடம் எனக்குக் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரில் இரண்டு பேரிடம் அதைச் சொல்லாமல் அன்றைக்கு நான் தூங்கப் போகவில்லை.

அதற்கு அவர் வகுத்துக் கொடுத்த முறை இது. ஆடுகிறவர்கள் இருவரும் ஒவ்வொரு நகர்வையும் ஒரு தாளில் எழுதுவார்கள் அல்லவா, அந்தத் தாளை வாங்கிக்கொள்ள வேண்டும். மரப்பலகையில் காய்களை அடுக்க வேண்டும். தாளை ஒரு தபால் அட்டையால் மூடி, ஒவ்வொரு வரியாகத்தான் இறக்க வேண்டும். இறக்குவதற்கு முன், இந்த இடத்தில் நானாக இருந்தால் என்ன ஆடுவேன் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட வேண்டும். வெள்ளைக்கு ஒரு தடவை, கறுப்புக்கு ஒரு தடவை. அப்புறம் யார் எந்த நகர்வுக்கு எவ்வளவு நேரம் எடுத்தார்கள் என்ற கணக்கு. எல்லாம் முடிந்த பிறகுதான் கணினியைத் திறக்கலாம். மெஷினை முதலில் திறந்துவிட்டால் நம் கண் அதன் பின்னாலேயே போய்விடும், அப்புறம் மனிதர் எதைப் பார்த்தார் என்பது தெரியாமலே போகும் என்பார்.

கடைசியாக ஒரு விதி. இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை, அவருடைய சொந்த விதி. எழுதிய அறிக்கையை, யாரைப் பற்றி எழுதினோமோ அவர் முகத்துக்கு நேராக, எழுதியவரே வாசிக்க வேண்டும். வாசித்த பிறகுதான் மேடம் கையெழுத்துப் போடுவார். "முதுகுக்குப் பின்னால எழுதினா அது மொட்டக் கடுதாசி" என்பார்.

அந்த முறையை நான் ஒழுங்காகத்தான் பின்பற்றினேன். தப்பு அங்கே நடக்கவில்லை.

சில வருடங்களுக்கு முன், ஒரு மே மாதம். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில். ராமநாதபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பெரிய போட்டி, மொத்தம் ஒன்பது சுற்று. வெளிமாநிலத்திலிருந்து கிராண்ட்மாஸ்டர்கள் வந்திருந்தார்கள். மணமகள் அறைதான் எங்கள் அலுவலகம். சுற்றிலும் பல்பு வைத்த கண்ணாடி முன்னால் உட்கார்ந்துதான் நான் புகார்களைப் படிப்பேன்.

அந்தப் போட்டியில் ஜைனம்பு ஆடினாள். ஏர்வாடிக்குப் பக்கத்துக் கிராமம், வயது நாற்பத்தொன்று. கல்யாணத்துக்கு முன் மாவட்ட அளவில் நன்றாக ஆடியவள். அப்புறம் கணவர் சவுதிக்குப் போனார், பிள்ளைகள் வந்தார்கள், ஆட்டம் நின்றது. பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, இருபது வருடம் கழித்து, மூன்று வருடமாகத்தான் மறுபடி ஆடிக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் அவளுடைய வாப்பா கூடவே வருவார். தோணியில் இலங்கைக்கும் தூத்துக்குடிக்கும் ஓடிய மனிதர். வெள்ளைத் தொப்பி, கையில் தூக்குச்சட்டி. ஆட்டக்கூடத்துக்குள் பார்வையாளருக்கு அனுமதி இல்லை என்பதால் தாழ்வாரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மாலை வரை உட்கார்ந்திருப்பார். என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பார். உட்காருங்க பாய், உட்காருங்க என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

கடைசி இரண்டு சுற்றையும் ஜெயித்தால் ஜைனம்புவுக்குச் சர்வதேச மகளிர் பட்டத்துக்கான முதல் தகுதி கிடைக்கும் என்ற நிலை. அந்த வயதில், அந்த ஊரிலிருந்து, அப்படி ஒன்று நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நடுவருக்குப் பட்சபாதம் கூடாது. ஆனாலும் எட்டாம் சுற்றில் அவளுக்கு எதிரே ஒரு கிராண்ட்மாஸ்டர் வந்தபோது, அடப்பாவமே என்றுதான் நினைத்தேன்.

அவள் ஜெயித்துவிட்டாள்.

ஜெயித்த விதம்தான் வினை. ஆட்டத்தின் நடுவில் கிராண்ட்மாஸ்டர் நீண்ட நேரம் யோசித்தார். ஜைனம்பு மேடத்திடம் சொல்லி அனுமதி வாங்கி, பக்கத்து அறையில் மதியத்து லுஹர் தொழுதுவிட்டு வந்தாள். அவள் வந்து உட்கார்ந்ததும் கிராண்ட்மாஸ்டர் தன் மந்திரியால் அவளுடைய மந்திரியை வெட்டினார். திருப்பி வெட்ட அவளுக்கு இரண்டு வழி இருந்தன. ராணியால் வெட்டலாம், எந்தச் சிக்கலும் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகூட அதைத்தான் செய்யும். இவள் யோசிக்கவே இல்லை. பக்கத்து வரிசையிலிருந்த சிப்பாயால் வெட்டினாள். அதனால் அவளுடைய மூன்று சிப்பாய்கள், ராணி தொடக்கத்தில் நிற்கும் அந்த ஒரே வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன.

சதுரங்கம் தெரியாதவர்களுக்கு இது ஏன் விசித்திரம் என்று சொல்லிவிடுகிறேன். சிப்பாய் நேராக நகரும், குறுக்காக வெட்டும். அதனால் ஒரே வரிசையில் நிற்கும் சிப்பாய்கள் ஒன்றையொன்று காப்பாற்ற முடியாது. முன்னால் நிற்பது நகராவிட்டால் பின்னால் நிற்பவையும் நகராது. இரண்டு சிப்பாய் அப்படி நின்றாலே பயிற்சியாளர்கள் தலையில் குட்டுவார்கள். மூன்று என்றால், தெரியாத்தனமாக மாட்டிக்கொண்டால்தான் உண்டு. நல்ல வழி இன்னொன்று இருக்கும்போது யாரும் வேண்டுமென்று அப்படிப் போய் நிற்க மாட்டார்கள்.

ஆனால் அந்த மூன்றும் நின்றபடியே வேலை செய்தன. அவற்றின் இரண்டு பக்கத்திலும் பக்கத்துக்கு மூன்று என ஆறு கட்டங்களை அவை காவல் காத்தன. கிராண்ட்மாஸ்டரின் இரண்டு குதிரைகளுக்கும் கால் வைக்க இடம் இல்லாமல் போனது. வெட்டப் போன சிப்பாய் விட்டுவந்த வரிசை திறந்து, அதன் வழியே ஜைனம்புவின் யானை இறங்கியது. அப்புறம் கிராண்ட்மாஸ்டர் மூச்சுவிடக்கூட முடியவில்லை.

அவர் கோபப்படவில்லை, கத்தவில்லை. மணமகள் அறைக்கு வந்து, பத்து வருடமாக இதே தொடக்கத்தை ஆடுகிறேன், எந்த மனிதரும் எனக்கு எதிராக இப்படி வெட்டியதில்லை, இவர் வெளியே போய்விட்டு வந்ததும் வெட்டினார், தயவுசெய்து பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அவர் செய்ததிலும் தப்பில்லை.

நான் பலகையை எடுத்து வைத்தேன். தபால் அட்டையை இறக்கிக்கொண்டே வந்தேன். அந்த இடம் வந்ததும், நானாக இருந்தால் என்று கேட்டுக்கொண்டு, 'ராணியால் வெட்டு' என்று பென்சிலால் எழுதினேன். அட்டையை இறக்கினேன், சிப்பாய். மறுபடி முதலிலிருந்து வந்தேன், மறுபடியும் என் கை ராணிக்குத்தான் போனது. நேரக் கணக்கைப் பார்த்தேன், அந்த நகர்வுக்கு அவள் நேரமே எடுக்கவில்லை. கடைசியில் கணினியைத் திறந்தேன். கணினியும் சிப்பாயால் வெட்டு என்றது.

எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் வந்தது. பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம். இத்தனை வருடம் கழித்து அதைச் சொல்லவே கூசுகிறது. அறிக்கையில் இப்படி எழுதினேன்: "இந்த வெட்டு மனிதக் கைக்கு வராது. வெளியிலிருந்து உதவி கிடைத்திருக்க வேண்டும் என்பது என் முடிவு."

மாலை நான்கு மணிக்கு மேடம் ஜைனம்புவை அழைத்துவரச் சொன்னார். அவள் கண்ணாடிக்கு எதிரே, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கதவுக்கு வெளியே அவள் வாப்பாவின் நாற்காலி. நான் எழுந்து நின்று வாசித்தேன். முதல் பத்தி நன்றாகத்தான் போனது. 'மனிதக் கைக்கு வராது' என்ற இடம் வந்தபோது அவள் தன் கையைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். அதற்கு மேல் என் குரல் இறங்கிவிட்டது. எப்படியோ முடித்தேன்.

மேடம் அவளிடம், ஏன் ராணியால் வெட்டவில்லை என்று மட்டும் கேட்டார்.

"அதுக்கு ஏன் மேடம் ராணியப் போடணும்?" என்றாள். "சிப்பாய ராணி வரிசைக்குக் கொண்டு வர வழி இருந்தா கொண்டாந்துரணும்ல. வீட்டுல லாத்தாவும் நானும் சின்னப்புள்ளையிலருந்து அப்புடித்தான் ஆடுவோம்."

லாத்தா என்றால் அக்கா. வீட்டில் எப்படி ஆடுவீர்கள் என்று மேடம் கேட்டார். அவள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிறவள் மாதிரி, மெதுவாகச் சொன்னாள். போட்டிச் சட்டப்படி சிப்பாய் கடைசிக் கட்டத்தைத் தொட்டால் எந்த வரிசையில் தொட்டாலும் ராணியாகலாம். வீட்டு ஆட்டத்தில் அப்படி இல்லை. குதிரை வரிசையில் போய்ச் சேர்ந்தால் குதிரைதான், யானை வரிசையில் சேர்ந்தால் யானைதான். ராணி வேண்டும் என்றால் ராணி வரிசையில்தான் போய்ச் சேர வேண்டும். போட்டிக்கு வந்தால் விதி வேறு என்று அவளுக்குத் தெரியும். "தெரிஞ்சாலும் கை அங்கனதான் போகுது சார். இங்க அவரு குதிர ரெண்டும் எறங்க எடமில்லாமப் போகுதுன்னு பாத்தேன், சரின்னு வெட்டிட்டேன்." பலகையில் அந்த ஆறு கட்டங்களையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள்.

கையிலிருந்த அறிக்கையை மடித்தேன்.

அதுவரை யாரிடமும், கட்டின மனைவியிடம்கூட, நான் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். நானும் அந்த விதியில்தான் ஆட்டம் கற்றேன். தங்கச்சிமடத்தில், கரையில் ஏற்றிக் கிடந்த வள்ளத்தின் நிழலில், என் அண்ணனோடு. முதன்முதலில் போட்டி என்று ஒன்றுக்குப் போனபோது என் சிப்பாய் குதிரை வரிசையின் கடைசிக் கட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நான் வெட்டுப்பட்ட குதிரை ஒன்றை எடுத்து அங்கே வைத்தேன். கூடமே சிரித்தது. எதிரில் ஆடியவர், "ஏலே, ராணிய எடுத்து வைக்கத் தெரியாமயா இங்கன வந்தே?" என்று கேட்டார். அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே போனேன். அந்த விதியை அதோடு தலைமுழுகினேன். சட்டப் புத்தகத்தை வரி வரியாக மனப்பாடம் செய்தேன், என் கையை மாற்றினேன், கடைசியில் நடுவரே ஆனேன். என் கைக்கு வராத ஒன்று மனிதக் கைக்கே வராது என்று எழுதும் அளவுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன்.

"மேடம், இத நான் திரும்ப வாங்கிக்கிறேன்" என்றேன்.

"எதுக்கு? பாவமா இருக்கா?" என்றார் மேடம்.

"இல்ல மேடம். நானும் இப்புடித்தான் கத்துக்கிட்டேன்."

ஜைனம்பு சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். மேடத்தின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அது உங்க கதை சவரிமுத்து சார். எனக்கு அவங்க ஆட்டம் வேணும்."

சரியான பேச்சு. என் கதையைச் சொல்லி இவளை விடுவித்தால் அதுவும் இன்னொரு 'ஆனா'தான். அவள் மூன்று வருடமாக ஆடிய போட்டித் தாள்கள் எங்கள் கோப்புகளில் இருந்தன. கையில் கிடைத்ததை எல்லாம் எடுத்தேன். பலகை, தபால் அட்டை, பென்சில், மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை ஒன்றை மட்டும் பார்த்தேன்: இரண்டு விதமாக வெட்ட வழி இருந்தபோதெல்லாம் இந்தப் பெண் என்ன செய்தாள்?

வழி இருந்தபோதெல்லாம் சிப்பாய் ராணி வரிசையைப் பார்த்துத்தான் போயிருந்தது. இளையான்குடியில் ஆடிய ஆட்டத்தில் அப்படி, பரமக்குடியில் அப்படி. அதைவிட முக்கியம், அதில் இரண்டு ஆட்டங்களில் அந்தப் பழக்கத்தாலேயே தோற்றிருந்தாள். கணினியிடம் காட்டினால் அது தலையில் அடித்துக்கொள்ளும், அவ்வளவு மோசமான வெட்டு. மெஷினைக் கேட்டு ஆடுகிறவள் தோற்பதற்காகவா கேட்பாள்? இது அவள் கைப்பழக்கம். சில நாள் காலை வாரும், அன்றைக்குக் கைகொடுத்தது.

சாயங்கால மஃரிப் பாங்கு கேட்பதற்குள் இரண்டாவது அறிக்கையை எழுதிவிட்டேன். ஜைனம்பு முன்னால் அதையும் வாசித்தேன். மேடம் கையெழுத்துப் போட்டார். முதல் அறிக்கையைக் கிழிக்கப் போனேன், விடவில்லை. இரண்டையும் சேர்த்துக் குண்டூசி குத்தச் சொன்னார். தப்பும் கோப்பில் இருக்கட்டும், நாளைக்கு வருகிறவர்கள் படிக்கட்டும் என்றார். கிராண்ட்மாஸ்டரைக் கூப்பிட்டுத் தாள்களைக் காட்டினோம். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு ஜைனம்புவிடம் போய்த் தலைகுனிந்து வருத்தம் தெரிவித்தார். அவள் நெஞ்சில் கை வைத்துப் பரவாயில்லை என்றாள். எனக்கும் அதே பரவாயில்லைதான் கிடைத்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துக்கொண்டு நான் பாம்பன் பாலத்தைத் தாண்டி வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன்.

மறுநாள் கடைசிச் சுற்று. ஜைனம்பு ஜெயித்தே ஆக வேண்டும். எதிரே ஆடியது ஒரு கல்லூரிப் பெண், கெட்டிக்காரிதான், ஆனால் ஜைனம்புவுக்கு ஈடில்லை. இரண்டு மணி நேரம் போனது. நான் சுற்றி வந்தபோது அவர்கள் மேசையில் அதே மாதிரி ஒரு நிலை வந்திருந்தது. எதிராளி ஒரு குதிரையை வெட்டியிருந்தாள். ஜைனம்பு திருப்பி வெட்ட வேண்டும். மந்திரியால் வெட்டலாம், அது எல்லோரும் செய்வது. சிப்பாயால் ராணி வரிசையைப் பார்த்து வெட்டலாம். என் கண்ணுக்கு இப்போது அது பளிச்சென்று தெரிந்தது. சிப்பாயால் வெட்டினால் ஆட்டம் அவள் கையில்.

அவள் கை சிப்பாயிடம் போனது. தொடவில்லை. ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. நிமிர்ந்தாள். எதிரே நான் நின்றுகொண்டிருந்தேன்.

நான் விலகிப் போயிருக்க வேண்டும். நிழல்கூட விழாமல் நடக்க வேண்டும் என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நின்றுவிட்டேன். அவள் கையைப் பின்னுக்கு எடுத்து, மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மந்திரியால் வெட்டினாள்.

அப்புறம் ஆட்டம் இழுத்தடித்துக்கொண்டே போய், கடைசியில் தோற்றுவிட்டாள். எதிராளிக்குக் கை கொடுத்தாள், தாளில் கையெழுத்துப் போட்டாள், காய்களை ஒழுங்காகத் திரும்ப அடுக்கினாள். பட்டத்தகுதி போனது. தாளை வாங்க நான்தான் போக வேண்டியிருந்தது. சும்மா வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம், என் வாய் சும்மா இருக்காது.

"அந்த எடத்துல சிப்பாயால வெட்டியிருந்தா ஜெயிச்சிருக்கலாம்மா" என்றேன்.

"தெரியும் சார்" என்றாள்.

"தெரிஞ்சுமா?"

"ஜெயிச்சா மறுபடி அந்த ரூமுக்குக் கூப்புடுவீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்பது போலச் சாதாரணமாகச் சொன்னாள். "வாப்பா நேத்து முழுக்க அந்தக் கதவையே பாத்துக்கிட்டு இருந்தாக சார். ரெண்டாவது தடவ அவுகள அப்புடி உக்கார வைக்க எனக்கு மனசு வரல."

ஆட்டக்கூடத்தில் நடுவர் அழக் கூடாது என்று சட்டத்தில் இல்லை. நான் அழுதேன். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அழுதேன். என்னால் கெட்டது பேர் அல்ல, அதைக் கழுவிவிட்டேன். கெட்டது அவள் கை. அதை எந்த அறிக்கையிலும் எழுதித் திருத்த முடியாது.

ஜைனம்பு ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினாள். "தோத்தது நானு, நீங்க ஏன் சார் அழுகுறீங்க. கண்ணத் தொடச்சிக்கங்க, வாப்பா வெளிய நிக்கிறாக, பாத்தா பதறிருவாக" என்றாள்.

துடைத்துக்கொண்டு அவளோடு வெளியே போனேன். அவள் வாப்பா வழக்கம் போல எழுந்து நின்றார். இந்தத் தடவை நான் அவரை உட்காரச் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பாய், உங்க மக மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் தப்பா எழுதிட்டேன்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். குழந்தையைப் பார்ப்பது போல.

"அது எனக்குத் தெரியுமே சார்" என்றார். தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்தார். "நீங்க சாப்ட்டீகளா?"